நரிக்குட்டி பார்த்த ஜன்னல்

— அது இல்ல பஸீஹா, மூணாவது டிஸ்க். பழைய பெட்டியில இரிக்கிற மூணாவது. அதப் போட்டியா இல்லயா?

— போட்டுட்டன்.

— சத்தம்?

— அமத்தித்தான் இரிக்கி. சத்தத்தோட பாத்தா கண் ஏமாந்து போகும் என்டு நீங்கதானே சொன்ன. கல்யாணம் முடிச்சி வந்த நாள்ல இருந்து பாக்கிறன், இந்த கார்ட்டூன் நரிக்குட்டி என்ன குரல்ல கத்தும் என்டே எனக்குத் தெரியாது.

— கத கதைக்காம டீவியப் பாரு. நான் தெஹிவளையில மனுசன்ட வீட்டு ஹோல்ல குந்திட்டு இரிக்கிறன். அவர் விக்கிற டிஸ்க் பெட்டி பழைய பதிப்பா புதுசா என்டு நம்மட பழசோட ஒத்துப் பாத்து இப்பவே தெரியணும். கவர்ல ஒன்டு போட்டிரிக்கும், உள்ளுக்கு வேற ஒன்டு இரிக்கும். விளங்கிச்சா?

— விளங்கிச்சி. ஒன்டு கேக்கவா?

— ஒன்ட உம்மாட விசயம் என்டா கேக்காத.

— அக்குறணையில உம்மாவப் பாத்துக்கிற என்ட றலியா ராத்தா காலையிலயும் கோல் எடுத்தா. உம்மாக்கு தண்ணிகூட இறங்குதில்லயாம். இனி வீட்டுல வச்சிப் பாருங்க என்டு டொக்டர் சொல்லிட்டாராம். கண்ணத் தொறந்தா என்னத்தான் கேக்கிறாவாம்.

— வெள்ளிக்கிழம நான் வந்து கூட்டிப் போறன் என்டு சொன்னேனா இல்லயா?

— வெள்ளிக்கிழம வரைக்கும் உம்மா இரிக்கணுமே.

— அத நீயும் நானும் முடிவு செய்ற இல்ல, அல்லாஹ்ட கையில இரிக்கி. இந்த ரிஸ்மிட பொண்டாட்டி கலகெதரயில இருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போய், அங்க இருந்து அக்குறணைக்கு பஸ் மாறி தனிய போறா என்டு கடத்தெரு முழுக்க கதைக்கணுமா? முதல்ல கையில உள்ள வேலய முடி. வானம் என்ன நிறம்?

— எந்த இடத்துல?

— தொடக்கத்துல. நரிக்குட்டியப் பிடிக்க ஆலைக்காரன் வண்டியில வாற இடம்.

— சாம்பல். கொஞ்சம் பச்சை கலந்த சாம்பல், மழைக்கு முந்தி நம்மட பக்கம் வாற மாதிரி. புதுசுல என்டா பளிச்சென்டு நீலம்.

— சரி. பொட்டுப் பொட்டாத் தெரியுதா? மணல் தூவின மாதிரி?

— தெரியுது. வானத்துலதான் கூட.

— நல்லம். புதுசுல அதத் துடைச்சிருவாங்க. மூளை இல்லாத மனுசன்மாரு. அது அழுக்கா? அது பிலிம்ட தோல். தோல உரிச்சிப் போட்டுட்டு சுத்தம் செஞ்ச பதிப்பு என்டு விக்கிறானுகள். நரிக்குட்டிக்கு மீசை இரிக்கா?

— இரிக்கி.

— எத்தன? கண்ணால பாத்துச் சொல்லு.

— ஒரு பக்கம் மூணு. மூணாவது மெல்லிசு, தலையத் திருப்பினாத்தான் தெரியும். புதுசுல ஒன்டும் இல்ல. வானத்தத் துடைக்கப் போய் மீசையையும் துடைச்சிட்டாங்க.

— பாத்தியா, இப்ப ஒனக்கும் கண் வந்திட்டு. வந்த புதுசுல ரெண்டும் ஒன்டுதானே என்டு சொல்லிட்டு நின்ட நீ.

— வராம எப்படி? நீங்க கடைக்குப் போனா எனக்கு அதுதானே வேல. பகல் சோத்துக்கு முந்தி ஒரு கோல், அசர் தொழுகைக்குப் பொறகு ஒரு கோல். நிழல் எங்க விழுது, கோடு எங்க மங்குது என்டு கேப்பீங்க. நான் சாப்பிட்டனா என்டு கேட்ட இல்ல.

— ஒரு பொழுதுபோக்கு வேணும்தானே ஒனக்கு.

— நான் போன எடுக்கல்ல என்டா ஒங்கட தம்பி அஹ்னாப் அடுத்த நிமிசம் கேட்டுல வந்து நிப்பாரு. அதுவும் பொழுதுபோக்கா?

— அவன் ஒன்ட பாதுகாப்புக்கு வாறான். யாரு இருமுற?

— நான்தான். தொண்ட கரகரப்பு.

— வேற யாரோ மாதிரி கேட்டிச்சி.

— ஃபேன் போட்டிரிக்கி. அதுல குரல் அப்படித்தான் கேக்கும்.

— முன் கேட்?

— நீங்க பூட்டினாப் போலயே இரிக்கி. திறப்பு ஒங்கட பொக்கட்லதானே.

— இதுக்குத்தான் சொல்ற, டீவிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பினா இவ்வளவு கேள்வி தேவல்ல.

— எதால எடுக்க? ராத்தாவோட மிச்சம் கதைக்கிறன் என்டு படம் எடுக்கிற போன நீங்கதானே அலுமாரியில வச்சிப் பூட்டின. இந்த பட்டன் போனுல பேச மட்டும்தான் ஏலும்.

— அதெல்லாம் ஒன்ட நல்லதுக்கு. சரி, கடைசி சாமான் ஒன்டு இரிக்கி. நரிக்குட்டிய ஆலைக்குள்ள போட்டு அடைக்கிற இடம். அங்க கொண்டு போ.

— அந்த இடம் எனக்கு விருப்பமில்ல.

— எனக்கு விருப்பம். சின்னதுல வாப்பா என்ன அடிச்சி, சாமான் ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுவாரு. இருட்டு. எலி ஓடும். அந்த நேரம் இந்த நரிக்குட்டிய நினைச்சித்தான் நான் அழாம இருந்த. அது வெளிய வந்ததுதானே, நானும் வருவன் என்டு நினைப்பன்.

— இத நீங்க ஒரு நாளும் எனக்குச் சொன்ன இல்ல.

— இப்ப சொன்னன்தானே.

— அடைச்சி வச்சா எப்படி இரிக்கும் என்டு ஒங்களுக்குத் தெரியும் அப்ப.

— அதையும் இதையும் சேக்காத பஸீஹா. ஒன்ன யாரு அடிச்ச? வீடு இரிக்கி, சாப்பாடு இரிக்கி, பெரிய டீவி இரிக்கி. அந்த இடத்துக்குப் போனியா?

— இரிங்க, ரிமோட் பட்டன் இறுகி இரிக்கி. ம்... வந்திட்டு.

— நிப்பாட்டு. படத்துட மேல் விளிம்பப் பாரு. என்ன தெரியுது?

— ஜன்னல். சின்ன ஜன்னல் ஒன்டு, பாதி தொறந்தபடி. கொக்கி கழண்டு தொங்குது.

— நல்லாப் பாரு.

— நல்லாத்தான் பாக்கிறன். பழசு சதுரப் படம், அதால மேல உள்ளதெல்லாம் தெரியுது. அகல டீவிய நிரப்புறதுக்கு புதுசுல மேலயும் கீழயும் வெட்டிட்டாங்க, ஜன்னலும் அதோட போயிட்டு. அந்தக் குட்டி அண்ணாந்து பாக்கும், மேல சும்மா சுவர்தான் இரிக்கும். புதுசப் பாக்கிற புள்ளைகள் அதுக்குப் பைத்தியம் என்டு நினைக்கும். பழசுல என்டா, அது எங்க பாக்குது என்டு நமக்கும் தெரியும்.

— கத சொல்லச் சொல்லல்ல. கொக்கி எந்தப் பக்கம்?

— இடப் பக்கம்.

— சரியாச் சொல்ற.

— அவர்ட பெட்டியிலயும் அப்படித்தான் இரிக்கா?

— எல்லாத்தையும் சரியாச் சொல்ற பஸீஹா. எனக்கு யோசனையே அதுதான்.

— என்ன யோசனை?

— நம்மட மூணாவது டிஸ்க் இங்க இரிக்கி. என்ட கையில. இவர்ட டீவியில போட்டுப் பாக்க காலையில நான்தான் பையில போட்டுட்டு வந்த. எனக்கு ஒன்ட்ட கேக்கத் தேவையே இல்ல. வீட்டுல இரிக்கிறது வெறும் உறை. கேக்குதா?

— கேக்குது.

— அப்ப இவ்வளவு நேரமா எந்த டீவியப் பாத்துச் சொன்ன நீ?

— எந்த டீவியும் இல்ல.

— பொறகு?

— டீவி எதுக்கு எனக்கு? பாக்க வச்சி பாக்க வச்சி எல்லாம் பாடமாப் போயிட்டு. கண்ண மூடினா ஓடுது. வானம், மீசை, கொக்கி, எல்லாம். குர்ஆன்லகூட எனக்கு இவ்வளவு பாடம் இல்ல. அல்லாஹ் மன்னிக்கணும்.

— நீ வீட்டுலதானே இரிக்கிற? கேட் பூட்டித்தானே இரிக்கி?

— பூட்டித்தான் இரிக்கி, நான் பொய் சொல்லல்ல. நீங்க எப்பயும் முன் கேட்டத்தானே பாக்கிற. சோறாக்கிற குசினிக்குப் பின்னால மண்மேட்டுப் பக்கம் ஜன்னல் ஒன்டு இரிக்கி. அதுக்குக் கம்பி இல்ல, கொக்கி மட்டும்தான்.

— பஸீஹா, எங்க நிக்கிற நீ? வாயத் தொறந்து சொல்லு. எங்க நிக்கிற?

— மெதுவாப் பேசுங்க. உம்மா இப்பதான் என்ட மடியில கண் அசந்தா.