கொம்பில் கட்டிய நைனா

மாட்டுப் பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், காலை ஏழு நாற்பது, சித்தூர்–திருப்பதி பேருந்து. முன் இருக்கையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "எங்க நைனாவ சந்திரகிரிகாரன் ஒருத்தன் புடுங்கிக்கினு பூட்டான்."

"அவரு செத்துப் பத்து வருஷமாச்சே மச்சான்!"

"மாட்டுப் பொங்கலுக்கு எருத ஓட வுடும்போது, பசங்க பறிக்கட்டும்னு கொம்புல கட்ற பலகையில எல்லாரும் சாமி படம், ஹீரோ படம் ஒட்றானுங்க. நான் நைனா போட்டோவ ஒட்டி வுட்டேன். வீட்ல இருந்ததே அது ஒண்ணுதான்."

"காப்பி எடுக்கலயா?"

"எங்க எருத எவன் தொடப்போறான்னு இருந்துட்டேன். அம்மா மூணு நாளா என்னோட பேசல."

சொன்னவர் எழுந்தார், சாலையைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

"கேட்டா குடுக்க மாட்டானா?"

"பறிச்சவனுக்குத்தான் சொந்தமாம். அடுத்த வருஷம் அவன் எருதுல கட்டி வுட்றானாம், வந்து பறிச்சுக்கோன்றான்."

"அப்புறம் இப்ப எதுக்கு சந்திரகிரிக்குப் போற?"

"அந்த எருது எந்தப் பக்கம் திரும்பி ஓடுதுன்னு பாத்துக்கினு வரத்தான்."