டேவியன் வராத ஐந்து நிமிடம்

பெற்றோரைப் பிரிந்து அரசின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்காகப் பரிவோடும் பிடிவாதத்தோடும் வழக்காடிய பெருந்தகையே! காது கேளாத பிள்ளைக்கும் கால் நடவாத பிள்ளைக்கும் களைப்பறியாது துணைநின்ற கருணையே! எங்கள் வழக்கறிஞர் லவோன் பிக்கெட் அம்மையீர், வணக்கம்!

‘பேசாத பிள்ளைகளின் வாயே’ என்றுதான் இம்மடலைத் தொடங்கியிருந்தோம். “அவங்க வாய் நான் இல்லப்பா. அவங்க காட்டுற படத்தப் பாத்துப் படிக்கிறவ, அவ்வளவுதான்” என்று நீங்கள் கடிந்துகொண்டது நினைவுக்கு வர, அடித்துவிட்டோம்.

இருபத்தெட்டு ஆண்டுகள், அறுநூற்றுப் பதினோரு பிள்ளைகள். சக்கர நாற்காலி ஏறும் வேனை நீங்களே ஓட்டிப் போய், சிறப்புப் பள்ளியும் பேச்சுப் பயிற்சியும் ஒவ்வொருவருக்கும் நீதிமன்ற உத்தரவாகவே வாங்கித் தந்தீர்கள். புகழ இத்தனை இருந்தும் எங்கள் மனத்தை விட்டு அகலாதது ஒரு பிழை. அது எங்களுடையது.

மூன்றாண்டுக்கு முன், ஒன்பது வயது டேவியன் இனி எங்கே வளர்வது என்று நீதிமன்றத்தில் விசாரணை. பேச்சு வராது, மடியிலுள்ள படப்பலகையில் விரல் வைத்துச் சொல்வான். “அஞ்சு நிமிஷ வேலை மேடம். அதுக்கு அவனை ரெண்டு மணி நேரம் வண்டில போட்டுக் குலுக்கணுமா?” என்றார் நம் எழுத்தர் டெல்பர்ட். நாங்களும் ஒத்து ஊதினோம். நீதிமன்றப் படிவத்தில் ‘பிள்ளை வரத் தேவையில்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டு நீட்டினோம். எங்களை நம்பிக் கையொப்பமிட்டீர்கள். அவனுக்கும் தங்கை நைலாவுக்கும் ஒட்டுதல் இல்லை என்றது அரசுத் தரப்பு அறிக்கை. மறுத்துக் காட்ட அவன் அங்கில்லை. ஃபுளோரிடாவின் மறுகோடியிலுள்ள மருத்துவ விடுதிக்கு அவனை அனுப்ப உத்தரவாயிற்று.

நான்கு மாதம் கழித்து நீங்களே அழைத்து வந்தீர்கள். “உனக்கு என்னப்பா வேணும்?” என்று நீதிபதி கேட்டதும், நைலாவின் படத்தில் வைத்த விரலை அவன் எடுக்கவேயில்லை.

“அவன் சொல்லிட்டான் ஜட்ஜம்மா. கேக்க நாமதான் நாலு மாசம் லேட்டு” என்றீர்கள். அதற்குள் நைலாவைப் பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் ஒரு குடும்பம் தத்தெடுத்திருந்தது.

டெல்பர்டை நீங்கள் ஒரு சொல்லாலும் கடியவில்லை. “பேனாவ வச்சிட்டு வண்டி ஓட்டக் கத்துக்கய்யா” என்றதோடு சரி. அன்று முதல் அந்தக் கட்டத்தில் நம் அலுவலகம் குறியிட்டதேயில்லை.

மாதம் ஒருமுறையேனும் நைலாவைப் பார்க்க வேண்டும் என்று, இன்னும் அந்த விடுதியிலேயே இருக்கும் டேவியன் கேட்கும் மனு வரும் செவ்வாயன்று விசாரணைக்கு வருகிறது. நீங்களோ இன்று, வெள்ளியோடு, விடைபெறுகிறீர்கள். இழந்த மூன்றாண்டை எங்களால் அவனுக்குத் திருப்பித் தர இயலாது. ஆனால் அவன் வந்து சேராமல் வழக்கைத் தொடங்க ஒப்ப மாட்டோம்.

நோயின்றி, நிறைவோடு, நெடுநாள் வாழ்க அம்மையீர்! வேன் சாவியை மட்டும் டெல்பர்டிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். திங்கள் காலையிலேயே அவர் கிளம்ப வேண்டும்.

கலங்கிய நெஞ்சோடு,
உங்கள் அலுவலகத்தார்