கரகரக்காத ஹெட்போன்

இரவு ஒன்றரை மணி. கிடங்குத் தெரு. இரண்டு பக்கமும் இறக்கிவிட்ட இரும்புக் கதவுகள். அப்போதுதான் மழை விட்டிருக்கிறது. ஈரத் தார், டீசல், நனைந்த அட்டைப்பெட்டி... அந்த வாசனை.

தெருவின் நட்டநடுவில் ஓர் ஆள் ஓடுகிறார். கழுத்தில் பெரிய ஹெட்போன். அதன் வயர் தண்ணீரில் இழுபட்டு வருகிறது. பின்னால் ஒரு லாரி. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார்... அடிக்கிறார்... ஆள் ஒதுங்கவே இல்லை. லாரி ஹாரன் எப்படிப்பட்டது? செத்தவனும் ஒரு தரம் எழுந்து, யாரடா அது என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பான். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இறங்கி ஓடிப் போய்த் தோளைத் தொட்டிருக்கிறார். ஆள் திரும்பினார். ஓட்டுநரின் முகத்துக்கு நேராகக் கத்தினார்.

"எம்பொண்ணு பக்கத்துல யாரோ படுத்திருக்காங்க!"

யார் அந்த ஆள் என்றுதானே கேட்கிறீர்கள்? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. வீட்டுக்குள் புழுங்கிச் சாவதற்கு இந்த மாடிப்படி எவ்வளவோ மேல். எல்லோருடைய மொபைல் விளக்கும் எதற்கு? ஒன்று எரிந்தால் போதும்.

நாலாவது மாடி டீச்சரக்கா வீட்டுக்குப் போன மாதம் ஒரு குடும்பம் வந்து சேர்ந்ததே... டீச்சரின் தம்பி, அவர் மனைவி, ஒரு பெண் குழந்தை. அந்தத் தம்பிதான்.

"அந்த ஆளா?" என்றார் இரண்டாவது மாடி மீசைக்காரர். "லிஃப்ட்ல எத்தன தடவ வணக்கம் வெச்சிருக்கேன்! மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிறாரு. என்னா திமிரு!"

திமிர் இல்லை அண்ணே. காது. இரண்டும் சுத்தமாகப் போய்விட்டது. நீங்கள் வணக்கத்தைக் கையால் வைத்திருந்தால் அவரும் வைத்திருப்பார்.

"உனக்கு மட்டும் எப்படிடீ எல்லாம் தெரியுது?" என்றாள் தையலக்கா.

நானாகவா போய்க் கேட்டேன்? தன் குரலே கேட்காத மனிதர், ரகசியத்தையும் மேடைப் பேச்சு மாதிரிதான் பேசுகிறார். எனக்கு நேர் மேல் வீடு. நான் என்ன, காதில் பஞ்சு வைத்துக்கொண்டா குடித்தனம் நடத்துவது? விட்டுப்போனதை மட்டும் அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். ஓட்டுநர் கதையும் அவள் சொன்னதுதான். பாவம், அந்த மனிதர்தான் இவரை லாரியில் ஏற்றி வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டவர்.

அவருக்கு வேலை, ஹெட்போன் சோதிப்பது. சிரிக்காதீர்கள், அதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள். கிடங்குத் தெருவில் ஒரு கம்பெனி. உள்ளே நீளமான அறை. பலகை பலகையாக மரத்தலைகள்... கண் இல்லை, மூக்கு இல்லை, காது இருக்கும் இடத்தில் மட்டும் ரப்பர். ஒவ்வொரு தலையிலும் ஒரு ஹெட்போன். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆம்ப்ளிஃபையர். ராத்திரி முழுக்க உரத்த சத்தத்தில் ஓடவிடுவார்கள். ஒரு நீண்ட ரீங்காரம்... பிறகு கொஞ்சம் மௌனம்... மறுபடி ரீங்காரம். சத்தத்தை ஏற்ற ஏற்ற எது தாங்குகிறது, எது கரகரக்கிறது என்று பார்க்க வேண்டும். மட்டமான சரக்கு பாதியிலேயே கரகரக்கும். நல்லது முக்கால்வரை தாங்கும். கடைசிவரை திருகினால் எதுவுமே தாங்காது.

ராத்திரி ஷிஃப்டில் ஒரே ஆள்தான். ஒவ்வொன்றாக எடுத்துத் தன் காதில் மாட்டிக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு விதி உண்டு. சுவரில் பெரிதாக எழுதியே வைத்திருப்பார்களாம். முதலில் சத்தக் குமிழைக் குறை. அப்புறம் மாட்டு. அப்புறம் கேள். குறைக்காமல் மாட்டினால் காது காலி.

நம் ஆள் குறைக்க மாட்டார்.

ஏன்? இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்ததில் இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதும் பாதிதான். குறைத்தால் அவருக்கு எதுவுமே கேட்காது! காது கேட்காதவனை வைத்துக்கொண்டு ஹெட்போன் கம்பெனி என்ன செய்யும்? அதனால் மேலாளரிடம் மறைத்தார். மனைவியிடமும் மறைத்தார். அவளிடம் மறைப்பது சுலபமாகவே இருந்திருக்கிறது.

"நான் சொல்றது எதுவும் அவர் காதுல விழாது. எல்லா வீட்டுலயும் அப்படித்தானேன்னு இருந்துட்டேங்க" என்றாள் என்னிடம்.

தையலக்கா, உங்கள் வீட்டுக்காரரை ஒரு தரம் டாக்டரிடம் காட்டுங்கள். சும்மா சொன்னேன்.

அன்றைக்கு ஒரு புது ஹெட்போன் வந்திருந்தது. கறுப்பு. கனம். அதன் மேல் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. மாட்டினார். வழக்கம்போல் குறைக்கவில்லை. பாதிக்கு ஏற்றினார்... சுத்தமான சத்தம். முக்கால்... அப்போதும் சுத்தம். இன்னும் ஏற்றினார். மற்ற ஹெட்போன் எல்லாம் காகிதம் கிழிகிற மாதிரி கத்தும் இடம் அது. இது கத்தவில்லை. மனிதருக்கு ஒரே சந்தோஷம். எத்தனையோ வருஷமாகக் கேட்காத அளவுக்குத் தெளிவாகக் கேட்கிறதே!

ரீங்காரம் நின்றது. மௌனம் வந்தது.

அவ்வளவு உயரத்தில் மௌனம் என்பது மௌனமாக இருக்காதாம். உஸ்ஸ் என்று மணல் கொட்டுகிற மாதிரி ஓர் இரைச்சல் இருக்கும். அந்த இரைச்சலுக்கு அடியில்... டக். ஒரு நொடி கழித்து... டக்.

அது எந்தச் சத்தம் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் வீட்டுப் படுக்கையறை மின்விசிறி. ஒரு சுற்றுக்கு ஒரு டக். சரிபண்ணுங்கள், சரிபண்ணுங்கள் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

பிறகு மனைவியின் இருமல். பிறகு குழந்தை புரண்டு படுத்தது. சிட்டு என்று கூப்பிடுகிறார்களே, அந்தக் குழந்தைதான்.

பயப்படவில்லை அவர். தொழில் தெரிந்த மனிதர் இல்லையா? வயர் எதையோ இழுக்கிறது என்று நினைத்து, வயரைப் பிடுங்கினார். நின்றது. செருகினார். டக். வேறு ஹெட்போனை மாட்டி அதே அளவுக்கு ஏற்றினார். வெறும் கரகரப்பு, ஒன்றும் புரியவில்லை. மறுபடி கறுப்பை மாட்டினார். டக்... மனைவியின் மூச்சு... குழந்தையின் மூச்சு...

இன்னொரு மூச்சு.

அந்த வீட்டில் அவரைத் தவிர இருப்பது இரண்டே பேர். வீட்டுக்கு போன் போட்டார். ஹெட்போனைக் கழற்றவில்லை. அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் மணி அடிப்பது இடி மாதிரி கேட்டது. போர்வை விலகியது. போன் பித்தான் அமுங்கியது.

"என்னங்க இந்நேரத்துல?"

"பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல. பாப்பா தூங்குறா. குடிச்சிருக்கீங்களா?"

அவள் பேசி முடித்தாள். அவள் குரல் ஓய்ந்த இடத்தில்... மெதுவாக... நாக்கு இன்னும் சரியாகப் பழகாத மாதிரி...

"யா...ரு...ம்... இல்...ல."

மனைவிக்கு அது கேட்கவில்லை. பக்கத்தில் கிடக்கிறாள், அவளுக்குக் கேட்கவில்லை. "தூங்க விடுங்க" என்று போனை வைத்துவிட்டாள். உடனே அதுவும் சொன்னது. "தூ...ங்க... வி..." இந்தத் தடவை முன்னைவிடக் கொஞ்சம் நன்றாக.

நம் ஆள் என்ன செய்திருக்க வேண்டும்? கழற்றி எறிந்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. வாசலிலா, அலமாரி ஓரத்திலா, எங்கே? குமிழில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் திருகினால் தன் பாதிக் காதும் தங்காது என்று அவருக்குத் தெரியும். இவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

திருகினார். கடைசிவரை.

குழந்தையின் மூச்சும் அதன் மூச்சும் ஒரே இடத்திலிருந்து வந்தன. ஒரே தலையணையிலிருந்து.

அப்புறம்... அது மூச்சை உள்ளே இழுத்தது. நீளமாக. கத்துவதற்கு முன் நாம் இழுப்போமே, அப்படி.

என்ன கேட்டது என்று மட்டும் அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்கிற மனிதர், அந்த இடம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறார். ஹெட்போன் தாங்கிவிட்டது. ஒரு சின்னக் கரகரப்புகூட இல்லை. காதுதான் தாங்கவில்லை.

வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. உடைக்காத குறையாகத் தட்டினார். மனைவி திறந்தாள். நேராக உள்ளே போய்த் தூங்குகிற குழந்தையைத் தூக்கினார். தலையணையைப் புரட்டினார், கட்டிலைப் புரட்டினார். ஒன்றும் இல்லை. தலையணையில் ஒரே ஒரு பள்ளம்தான், குழந்தையின் தலைப்பள்ளம். விடியும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கத்தினார். மனைவி பதிலுக்கு அழுதுகொண்டே ஏதேதோ சொன்னாள். அவருக்கு அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

"சரி, புத்தி பெசகிப்போச்சு. அம்புட்டுதானே?" என்றார் மீசைக்காரர்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள் அண்ணே. அந்த நினைப்போடுதான் காது பரிசோதிக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே ஒரு சின்ன அறை. சத்தம் புகாத சுவர், ஒரு கண்ணாடி ஜன்னல். அவரை உள்ளே உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று எழுதிக் காட்டினார்கள். பரிசோதிக்கிற பெண் சின்ன வயசு. அவரோடு உள்ளேயே உட்கார்ந்து சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாள். விரல் அசையவில்லை. இயந்திரத்தின் உச்சம்வரை ஏற்றினாள். அசையவில்லை. முடிந்தது, இரண்டு காதும் போச்சு என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கினாள்.

அவர் விரலைத் தூக்கினார்.

இறக்கினார். கொஞ்ச நேரம். மறுபடி தூக்கினார்.

ரோஷக்கார மனிதர், ஒப்புக்கொள்ள மனசில்லாமல் தூக்குகிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படித் தோன்றவில்லை. அவர் தலையிலிருந்து ஹெட்போனை எடுத்துத் தன் தலையில் மாட்டினாள். இயந்திரத்தைப் போட்டாள். எந்த ஒலியும் கொடுக்காமல் குமிழை மட்டும் ஏற்றினாள்... இன்னும் ஏற்றினாள்...

பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில், தூங்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். மனைவியின் வாயையே உற்றுப் பார்த்தாள் அந்தப் பெண். ரொம்ப நேரம் பார்த்தாள்.

வாய் மூடியிருந்தது.

வெளியே வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்.

"பாப்பாவ வீட்ல என்னன்னு கூப்பிடுவீங்க?"

"சிட்டுன்னு. ஏம்மா?"

  அந்தப் பெண் மனைவியின் கையைப் பிடித்து, "அக்கா, இன்னிக்கி நீங்க வீட்டுக்குப் போகாதீங்க. வேற எங்கயாவது தங்கிக்கங்க" என்றாள். கட்டணம்கூட வாங்கவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் நடக்கும் இது, சொல்லுங்கள்.

அங்கிருந்து நேராக டீச்சரக்கா வீடு. மாற்று உடுப்பு வாங்கியதுகூட இங்கே வந்த பிறகுதான். வந்த புதிதில் எல்லாம் நன்றாகவே இருந்தது. அவர் நிம்மதியாகத் தூங்கினார். விரலும் தூக்கவில்லை. குழந்தை இந்தப் படிகளில்தான் ஏறி இறங்கி விளையாடியது.

"இப்ப மட்டும் என்னவாம்?" தையலக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது இல்லை அக்கா. முந்தாநாள் சாயங்காலம். டீச்சரக்கா சொன்னாள். அவர் சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குழந்தை அவருக்கு முதுகைக் காட்டித் தரையில் படம் வரைந்துகொண்டிருக்கிறது. திடீரென்று அவர் விரல் மேலே போனது. குழந்தை பார்த்துப் பயப்படப் போகிறதே என்று டீச்சரக்கா திரும்பினாள்.

குழந்தையின் விரலும் மேலே இருந்தது.

அவர் இறக்கினார். அவளும் இறக்கினாள். அவர் தூக்கினார். அவளும் தூக்கினாள். இன்னொரு கை தன் பாட்டுக்குப் படம் வரைந்துகொண்டே இருந்தது. அப்பாவின் பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அது முந்தாநாள்.

நேற்று, முதலில் தூக்கியது குழந்தை.