முனீர் அகமது கொண்டுவந்த ஆட்டுத்தலைகள்

தலைமை ஏற்றிருக்கும் ஆட்டிறைச்சி வியாபாரிகள் சங்கத் தலைவர் அஸ்பாக் அவர்களே, தந்தையை இழந்து நிற்கும் தம்பி நவீத் அவர்களே, மேல்விஷாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் துக்கத்தில் பங்குகொள்ள வேலூரிலிருந்து வந்திருக்கிறேன்.

என் பெயர் சௌந்தர்யா. மூளைச் செல்களை வளர்த்து ஆராய்கிற ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கறிக்கடைக்காரரின் இரங்கல் கூட்டத்தில் இவளுக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? ஹாஜி முனீர் அகமது அவர்கள் இல்லையென்றால் எங்கள் ஆய்வே இல்லை!

ஆட்டு மூளையில் ஸ்டெம் செல் என்று ஒன்று உண்டு. புது நரம்புச் செல்களைப் பெற்றெடுக்கும் தாய்ச்செல். அதைத் தட்டில் வளர்த்து, தோல் தொழிற்சாலைகளில் புழங்கும் குரோமியம் வளரும் மூளையை என்ன செய்யும் என்று பார்க்க விரும்பினோம். ஹாஜியார் கடையில்தான் மூளை வாங்கிப் போவோம். செல்கள் செத்துப்போகும். ஒரு வருடம்! ஒரு தட்டில்கூட வளரவில்லை. இன்னும் மூன்று மாதத்தில் ஆய்வை மூடிவிடும்படி மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

இனி மூளை வேண்டாம் என்று சொல்லத்தான் அன்று கடைக்குப் போனேன்.

"இன்னா மேடம், பேஜாரா இருக்கீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"அறுத்து எவ்ளோ நேரத்துல வேலைய ஆரம்பிக்கிறீங்க?"

"ரெண்டு மணி நேரம் ஆயிடும், பாய்."

"மண்டைய ஒடைச்சு எடுத்த மூளை அவ்ளோ நேரம் தாங்குமா? தலைய அப்டியே ஐஸ்ல வெச்சு நானே எடுத்தாறேன். அங்க வந்து பொளந்து தர்றேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஐஸ் பெட்டியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கை கழுவினார், நாங்கள் கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டார். நாற்பது வருடம் கத்தி பிடித்த கை! ஒரு கீறல் இல்லாமல் மூளை வெளியே வந்தது. ஆறாம் நாள் செல்கள் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு மிதந்தன. மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தார்.

"ஜவ்வரிசி மாதிரி இருக்குது. உசுரோடவா இருக்குது?"

"ஆமா பாய். நேத்தவிட இன்னிக்கு ஜாஸ்தி."

வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "நான் அறுத்தது வளர்றத இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். மறுநாள் ஆய்வகம் முழுவதற்கும் மக்கன் பேடா இனிப்போடு வந்தார்!

ஆய்வு பிழைத்தது. நான்கு வருடம் வந்தார். மழை அவரைத் தடுத்ததா? நோன்பு நாளிலாவது தாமதமானாரா? ஒருநாளும் இல்லை!

போன மாதம்தான் முதல் முடிவுகள் கிடைத்தன. குரோமியம் கூடக்கூட, செல்கள் நரம்புச் செல்களாகிக் கிளைவிடுவது குறைந்தது. இன்னும் உறுதி செய்ய வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"தெளிவா பாருங்க மேடம். நம்ம ஆளுங்க நெறைய பேரு தோல் பேக்டரிலதான் வேலை செய்றாங்க. முடிஞ்சதும் இங்கிலீஷ்ல எழுதி அனுப்பிட்டுப் போய்டாதீங்க. எங்களுக்கும் சொல்லுங்க" என்றார்.

பத்து நாள் முன்பு, எழுபத்தொரு வயதில், விடியற்காலைத் தொழுகை முடித்து வந்து படுத்தவர் நிம்மதியாகப் போய்விட்டார். நிறைவான வாழ்வு, நிறைவான முடிவு. நேற்று நவீத் போன் செய்தார்: "திங்கக்கெழம ஏழு மணிக்கே வந்துர்றேன் மேடம். ஐஸ் பெட்டிய கழுவி வெச்சிட்டேன்."

ஹாஜியார் பெயரால் இந்தச் சபையில் உறுதி கூறுகிறோம். இந்த ஆய்வை முடிப்போம். நல்லதோ கெட்டதோ, அதன் முடிவை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்புமுன் இதே மேடையில், தமிழில் வாசிப்போம். அன்று எல்லோரும் வாருங்கள். முனீர் பாய் எங்களை விடாமல் கேட்டாரே, அப்படிக் கேள்வி கேளுங்கள்!