விடு என்று அவள் சொன்னது

என் பெயரும் விலாசமும் மேலே எழுதியபடி சரி. வயது நாற்பத்தாறு. பேருந்துப் பணிமனையில் இருக்கை தைக்கும் வேலை செய்கிறேன். இறந்துபோனது என் மனைவி. என் மேல் புகார் கொடுத்திருப்பது அவளுடைய தம்பி.

எங்கள் வீட்டில் அடுப்பு சுவரை ஒட்டி இருக்கிறது. "கல்யாணமானதுலேருந்து உங்களோடயா குடித்தனம் பண்றேன், இந்தச் சுவரோடதான் பண்றேன்" என்று என் மனைவி கேலி செய்வாள். அதனால் சமையலறை நடுவில் ஒரு மேடை போட்டு, அவள் என் முகத்தைப் பார்த்துச் சமைக்கும்படி செய்ய நினைத்தேன். ஆசாரி வேண்டாம், நானே செய்கிறேன் என்று வீம்பு பிடித்தேன். போனில் வீடியோ பார்த்து மரச்சட்டம் அடித்தேன். ஒரு கால் லேசாக ஆடியது. அடியில் அட்டையை மடித்துச் செருகினேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம், மேலே வைக்கும் கருங்கல் பலகையைத் தூக்க மச்சானை வரச் சொன்னேன். ஒரு முனையை நானும் மறுமுனையை அவனும் பிடித்துச் சட்டத்தின் மேல் கொண்டுவந்தோம். விளிம்பு நேராக வந்ததும் என் மனைவி "விடுங்க" என்று சொல்ல வேண்டும், இருவரும் ஒன்றாகக் கையை எடுக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அவள் என் பக்கம் தரையில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் டீ அந்தக் கல்லின் மேல்தான் என்று சொல்லி, மூன்று டம்ளர்களை முன்பே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

கல் எங்கள் கையில் இருக்கும்போதே மச்சான், "அத்தான், உங்க பக்கம் கால் ஆடுது. அக்கா அங்கதான் உக்காந்திருக்கு. கீழ இறக்கிடலாம்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "எனக்கே சொல்லித் தர வந்துட்டியா" என்றேன். அவனும் பதிலுக்குப் பேசினான், வாய்ச்சண்டை ஆனது. அப்போது என் மனைவி பேசினாள். "விடு" என்பது காதில் விழுந்ததும் நான் கையை எடுத்துவிட்டேன். மச்சான் எடுக்கவில்லை. என் பக்கத்துக் கால் மடங்கி, கல் சரிந்து அவள் மேல் விழுந்தது. ஆம்புலன்ஸில் போகும் வழியில் உயிர் போய்விட்டது.

கோபத்தில் வேண்டுமென்றே விட்டேன் என்று மச்சான் சொல்லியிருக்கிறான். கோபம் இருந்தது. வேண்டுமென்று விடவில்லை. அவன் மேல் எனக்கு வருத்தமும் இல்லை, கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

அவள் யாரிடம் சொன்னாள் என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதால் சொல்கிறேன். என் மனைவி என்னை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. எனக்கென்றால் "விடுங்க" என்றுதான் சொல்லியிருப்பாள். "விடு" என்றது தம்பியை, சண்டையை விடச் சொன்னது. அவனுக்கு அது புரிந்தது. இத்தனை வருடம் கூட வாழ்ந்த எனக்குப் புரியவில்லை. கல் விழுவதற்குள் அவள் சொல்லி முடித்தது "விடு தம்பி, அவரு" என்பது வரைதான். அதற்கு மேல் என்னைப் பற்றி என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் மச்சானிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, மாற்றிச் சொல்லவும் ஒன்றும் இல்லை. இதில் என் கையாலேயே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)