இயந்திரத்தில் குறையில்லை

தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர் அவர்களுக்கு,

மரம் அறுக்கும் வாளைத் தேர்ந்தெடுத்த அன்று யார் யார் இருந்தோம், எங்கெங்கே இருந்தோம் என்று கேட்டிருந்தீர்கள். நான்கு பேர். கடையின் உள்ளறையில் ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் நான். எனக்கு எதிரே காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தம்பி. வாசல் பக்க ஸ்டூலில் தம்பி மனைவி, மடியில் பையோடு. விற்பனைக்காரர் மட்டும் உட்காரவே இல்லை. விளக்கப் புத்தகத்தை வரி மாறாமல் ஒப்பிப்பவர் என்பதால் அவரைக் கிளிப்பிள்ளை என்போம். அது அவருக்கும் தெரியும்.

மேசை நடுவே வட்ட வாள் சுழலும் இயந்திரம், தூக்கிச் செல்லக்கூடிய டேபிள் சா, வாங்கப் போயிருந்தோம். மூன்று இயந்திரங்கள் இருந்தன. முதலாவது சக்கர ஸ்டாண்டோடு நாற்பது கிலோ. மாடிப்படியில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது லேசானது, ஆனால் அதன் ஃபென்ஸ் ஆடியது. ஃபென்ஸ் என்பது வாளுக்கு இணையாக நிற்கும் அலுமினியச் சட்டம். மரம் அதை ஒட்டித்தான் நகரும். அது ஆடினால் மற்றது எதுவுமே சரியாக இருந்து பயனில்லை. மூன்றாவது இருபத்தொரு கிலோ. ஃபென்ஸைப் பத்து முறை நகர்த்திப் பூட்டி, முன்னும் பின்னும் அளந்து பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. சுவிட்ச் பெரியது, கை வேலையாக இருந்தாலும் முட்டியால் தட்டி நிறுத்தலாம். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"எங்கண்ணன் பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்ளோ கேள்வி கேக்கல" என்றான் தம்பி.

"அதான் ஒண்ணும் அமையல போல" என்றார் கிளிப்பிள்ளை. தம்பி மனைவி பையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாளில் என் மனதில் வேறெதுவும் இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் பட்டறை முறையைச் சொல்லிவிடுகிறேன். அளப்பது நான், அறுப்பது தம்பி. வாள் சுழலும் சத்தம் கேட்டாலே எனக்குக் கை நடுங்கும்; சிறுவயதிலிருந்தே அப்படித்தான். அவனுக்கோ அளவு நாடாவைப் பிடிக்கப் பொறுமை கிடையாது. நான் கோடு போட்டு, ஃபென்ஸை வைத்துப் பூட்டி, "ம்" என்பேன். அவன் மரத்தைத் தள்ளுவான். மறுபடி அளந்து பார்க்க மாட்டான். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது. மற்றப் பட்டறைக்காரர்கள் எங்களைச் சேர்த்து ஒரே ஆளாகத்தான் எண்ணுவார்கள்.

வாங்கிக்கொண்டு திரும்பும்போது வண்டியில் தம்பி மனைவி என்னிடம் சொன்னாள். "இனிமே எங்க வேணா தூக்கிட்டுப் போயிரலாம்ல மாமா?" கட்டட வேலைக்குச் செல்லும் இடங்களைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். தம்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னான். கடல் பக்கத்து நகரத்தில் புது அடுக்குமாடிகள். ஒரு வருஷத்துக்கு அலமாரி வேலை. சனிக்கிழமை கிளம்புகிறார்கள். "மொதல்ல நாங்க போயி காலூனிக்கிறோம்ணே. அப்பறம் உங்களக் கூப்பிட்டுக்கிறேன்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். கூப்பிட்டும் இருப்பான். ஆனால் அவனுடைய குரலில் எனக்கென்று ஒரு தேதி இல்லை.

முதுகு வலிக்கக் கூடாதே என்று இருபத்தொரு கிலோவைத் தேடி எடுத்துக் கொடுத்தவன் நான். நாற்பது கிலோவை எடுத்திருக்கலாம்.

அந்த வாரம் முழுக்க என்ன செய்வதென்று தெரியவில்லை. போகாதே என்று சொல்ல ஆறேழு முறை அவன் அறை வாசல் வரை போனேன். உள்ளே துணி மடித்துக்கொண்டிருப்பார்கள். "என்னண்ணே?" என்பான். "ஒண்ணுமில்ல, ஆணி டப்பா எங்க?" என்பேன். ஒரு முறை ஆணி டப்பா என் கையிலேயே இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுத் துணி மடிக்கத் திரும்பினான். நான் இல்லாமல் அவன் அறுப்பான். அளவு நாடா பிடிக்க ஊருக்கு நூறு பேர். அவன் இல்லாமல் நான் மரத்தில் பென்சிலால் கிறுக்குகிற ஓர் ஆள்.

வெள்ளிக்கிழமை காலை, ஊருக்குப் போகுமுன் முடிக்க வேண்டிய கடைசி அலமாரி வேலை. ஃபென்ஸின் இரண்டு திருகுகளைத் தளர்த்தினேன். அதன் பின்முனையை வாள் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் சாய்த்து, மறுபடி இறுக்கினேன். முன்பக்க அளவு சரியாகவே இருந்தது. வாளுக்குப் பின்னால் ஒரு சிறு தகடு நிற்கும். அறுபட்ட மரம் திரும்ப மூடி வாளைக் கவ்வாமல் பிரித்து வைப்பது அது. பலகையில் நீளப் பள்ளமாகக் காடி எடுக்கும்போது அதைக் கழற்றுவது வழக்கம். முந்தைய நாள் காடி எடுத்தோம். நான் அதைத் திரும்ப மாட்டவில்லை. கை வாளருகே போகும்படி நாலு சென்டிமீட்டர் பட்டையாகக் கோடு போட்டேன். பிறகு "ம்" என்றேன்.

நான் நின்ற இடத்துக்கும் சுவிட்சுக்கும் நான்கு எட்டு தூரம். மரம் பாதி தாண்டியதும் வாளின் சத்தம் கனத்தது. அப்போதுகூட ஒரு வார்த்தை போதும். நின்ற இடத்திலேயே நின்றேன். மரம் வாளைக் கவ்விப் பின்னால் எகிறியது. அவன் கை மட்டும் முன்னே போனது.

ஒரு விரல் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு விரல் போனால் அந்த நகரத்துக்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான். இங்கே என்னோடு சின்ன வேலைகளைச் செய்யலாம். போனது வலக் கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டும். என் அளவு தவறியது அந்த ஒரு முறைதான்.

உங்களுக்கு வந்த புகாரைச் சொன்னவள் தம்பி மனைவி, எழுதியவன் நான். அவளுக்குக் கடிதம் எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல ஒரு சொல் கூட்டாமல் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கடிதங்களின் கையெழுத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். உங்கள் பதிலில், ஃபென்ஸ் சாய்ந்திருப்பதாலும் தகடு காணப்படாததாலும் இது தரமற்ற இயந்திரம் என்றும், விற்றவர் வேலையை இழக்க நேரிடும் என்றும் இருந்தது. அது சரியல்ல. மூன்றில் அதுதான் நல்ல இயந்திரம். குறையுள்ளதை என் தம்பிக்கு நான் தேர்ந்தெடுப்பேனா? கிளிப்பிள்ளை ஒப்பித்தது அத்தனையும் உண்மை. தகட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பள்ளம், கீறல் எதுவும் இல்லை என்பதைப் பாருங்கள்.

நீங்கள் எப்போது வந்தாலும் நாங்கள் வீட்டில்தான் இருப்போம். தம்பி மனைவி தையல் கூடத்துக்குப் போய்விடுகிறாள். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஏதும் தெரிந்தல்ல, களைப்பு. காலையில் அவனுக்குச் சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். சோற்றைப் பிசைந்து வைக்கிறேன். முதலில் கூச்சப்பட்டான். இப்போது தானாகவே வந்து எதிரில் உட்காருகிறான்.

இதை எழுதும்போதும் பக்கத்தில்தான் இருக்கிறான். வாசிக்கவில்லை; நான் எழுதுவதை அவன் வாசிப்பதில்லை.

"நாந்தான் அவசரப்பட்டேன்னு எழுதிட்டீங்கல்ல? பாவம்ணே, கிளிப்பிள்ளைக்கு ரெண்டு பொண்ணு" என்கிறான்.

எல்லாம் எழுதிவிட்டேன் என்றேன்.

இனி உறையை அவன் இடக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்வான், நான் ஓரத்தை ஒட்டுவேன். தபால் பெட்டி தெருமுனையில். தானே போட்டுவிட்டு வருவதாகச் சொல்கிறான். அனுப்புகிறேன். கவலையில்லை, இப்போதெல்லாம் எங்கே போனாலும் திரும்பி வந்துவிடுகிறான்.