ஐனரை அளந்து செய்த நாற்காலி

டாக்னி: திரும்பவும் தொய்ஞ்சு போச்சு. இங்க பாருங்க.

ஹோல்கர்: ஈரக்காத்தும்மா. கோபன்ஹேகன்ல அக்டோபர் மாசம் வெயிலா அடிக்கும்? காகிதக் கயிறுன்னா அப்படித்தான்.

டாக்னி: பதினெட்டு வருசமா நாற்காலிக்குக் கயிறு பின்னுறேன். எனக்கே சொல்லித் தர்றீங்களா?

ஹோல்கர்: சரி தாயே, தெரியாம சொல்லிட்டேன். காப்பி ஆறுது, குடி.

டாக்னி: இது மூணாவது தடவை, ஹோல்கர். சாயந்தரம் இறுக்கமா பின்னிட்டுப் போறேன். காலையில வந்தா யாரோ உக்காந்து எழுந்த மாதிரி பள்ளம். அதுவும் இடப்பக்கம்.

ஹோல்கர்: பூனை ஏதாவது...

டாக்னி: எண்பது கிலோ பூனையா? இந்தப் பட்டறையில இடப்பக்கமா சாஞ்சு உக்கார்ற ஆள் ஒருத்தர்தானே.

ஹோல்கர்: ஐனர் பேச்சு இப்ப எதுக்கு? மூணு மணிக்குக் கண்காட்சிக்கு ஏத்திட்டுப் போக வண்டி வந்துடும். உன் புருசன் சாகுறதுக்கு முன்ன கடைசியா வரைஞ்ச நாற்காலி. இது போகலேன்னா அவன் பேரையே மறந்துடுவாங்க.

டாக்னி: இதுக்கு அவரைத்தானே அளந்தீங்க? முதுகு, தொடை, முழங்கால்...

ஹோல்கர்: யாரையாவது அளந்துதானே ஆகணும். அவன்தான் சும்மா உக்காந்திருந்தான்.

டாக்னி: கயித்தை இழுத்துப் பிடிங்க. இன்னும்...

ஹோல்கர்: பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்.

டாக்னி: அப்ப ஏன் கீழ இறங்குது?

ஹோல்கர்: நீ கையை எடு.

டாக்னி: நான் தொடவே இல்ல.

ஹோல்கர்: ...நாற்காலிக் கால் முனகுது. கேட்டுச்சா?

டாக்னி: கேட்டுச்சு. அன்னிக்கு மட்டும் உங்களுக்கு ஒண்ணும் கேக்கல, இல்ல? பரண்ல தேக்குப் பலகை மொத்தமும் அவர் மேல சரிஞ்சப்போ...

ஹோல்கர்: போலீஸ்லயே சொன்னேனே. அறுப்பு மெஷின் ஓடிட்டிருந்தது.

டாக்னி: ஞாயித்துக்கிழமையிலயா? பக்கத்து வீட்டுக்காரர் புகார் குடுத்ததுல இருந்து ஞாயித்துக்கிழமை நீங்க மெஷினைத் தொடுறதே இல்லையே.

ஹோல்கர்: டாக்னி... எனக்குப் பயமா இருக்கு. அதோ, இன்னும் இறங்குது.

டாக்னி: இறங்கட்டும். சொல்லுங்க.

ஹோல்கர்: வச்சிரப் பசை தடவியிருந்தேன். இதே நாற்காலிக்கு. பசை சூடு ஆறுறதுக்குள்ள எல்லா மூட்டுகளையும் பூட்டி கிளாம்ப்பு போட்டு இறுக்கணும். விட்டா அத்தனையும் பாழ். பசையைத் தடவிட்டா, பெத்த தாய் கூப்பிட்டாலும் நாங்க திரும்ப மாட்டோம். ஐனரே திரும்ப மாட்டான். பலகை தூக்கத்தான் கூப்பிடுறான்னு நினைச்சேன்...

டாக்னி: எத்தனை தடவை கூப்பிட்டார்?

ஹோல்கர்: மூணு. மூணு தடவையும் என் பேரைச் சொல்லித்தான். அப்புறம் சத்தமே இல்ல. என்னை மன்னிச்சுடும்மா.

டாக்னி: மூணு இல்ல, நாலு. கடைசியா ரொம்ப மெதுவா... என் பேரு. பரண் ஜன்னலுக்குக் கீழ, முற்றத்துலதான் நின்னேன். காலையில அவ்வளவு சண்டை போட்டாரே, கொஞ்ச நேரம் கூப்பிடட்டும்னு... நான் மேல ஏறிப் போகல.